துன்பத்தின் வேர் தேடிய பண்டிதர் அயோத்திதாசர்

கோவில்பட்டியிலிருந்து மேற்கே ஏறத்தாழ 20 கிலோமீட்டர் சென்றால் கழுகுமலை. தை மாதத்தில் ஒரு நாள் எங்கள் வகுப்பு மாணவியர் அனைவரும் வரலாற்று ஆசிரியையுடன் அங்குச் சுற்றுலா சென்றோம். வழி நெடுகக் கரிசல் காடு. உளுந்தும் பாசியும் களத்துக்கு வந்துவிட்டன. பருத்தி காய் பிடித்து நின்றது. மலையில் ஒரே பாறையை மேலிருந்து கீழாகக் குடைந்து செதுக்கிய வெட்டுவான் கோவிலைக் கண்டு வியந்தோம். 8ஆம் நூற்றாண்டில் பாண்டியர் காலத்தில் தொடங்கி முற்றுப்பெறாமலே நின்றுபோன கோவில் அது. இன்னும் சற்று மேலே ஏறினால் பாறை முகத்தில் வரிசை வரிசையாகத் திருவுருவங்கள். அமைதியாக அமர்ந்திருந்த அவற்றைக் கண்டதும் எங்களுள் பலர் புத்தர், புத்தர் என்று கூவிவிட்டோம். ஆசிரியை சிரித்துக்கொண்டே, அவர்கள் சமணத் தீர்த்தங்கரர்கள் என்றும், தலைக்கு மேல் உள்ள முக்குடையைப் பார்த்தாலே தெரியும் என்றும் விளக்கினார். ஆயினும் புத்தர் பெயரை எடுத்துவிட்டோம் அல்லவா? பாறை நிழலில் எங்களை உட்கார வைத்து அவர் வரலாற்றையும் சொல்லி முடித்தார்.

அவர் சொன்னவற்றுள் எங்கள் நெஞ்சில் தைத்தது கிசாகோதமியின் கதை. ஒரே மகனைப் பறிகொடுத்த அந்தத் தாய், பிள்ளையின் உடலைத் தோளில் சுமந்துகொண்டு மருந்து கேட்டுத் தெருத்தெருவாக அலைகிறாள். புத்தரிடம் வருகிறாள். சாவே நிகழாத ஒரு வீட்டிலிருந்து ஒரு பிடி கடுகு வாங்கி வந்தால் மருந்து தருவதாக அவர் சொல்கிறார். கடுகு எல்லார் வீட்டு அஞ்சறைப் பெட்டியிலும் இருக்கிறது. சாவு நிகழாத வீடுதான் கிடைக்கவில்லை. மாலையில் வெறுங்கையோடு திரும்பும்போது அவளுக்குத் தன் துயரம் தனக்கு மட்டும் உரியதன்று என்பது விளங்கிவிடுகிறது. பிள்ளையை அடக்கம் செய்துவிட்டுப் புத்தரின் சங்கத்தில் சேர்கிறாள்.

சித்தார்த்தர் 29ஆம் வயதில் மனை துறந்தார். 35ஆம் வயதில் கயையில் அரச மரத்தடியில் ஞானம் பெற்றார். 80 வயது வரை ஊர் ஊராக நடந்து போதித்தார். அவர் காசிக்கு அருகே சாரநாத்தில் ஐந்து துறவியருக்கு முதன்முதலில் போதித்தவை நான்கு வாய்மைகள். துன்பம் உண்டு, துன்பத்துக்குக் காரணம் உண்டு, காரணத்தை நீக்கினால் துன்பமும் நீங்கும், நீக்குவதற்கு ஒரு நெறி உண்டு. நற்காட்சி, நற்கருத்து, நல்வாய்மை, நற்செய்கை, நல்வாழ்க்கை, நன்முயற்சி, நற்கடைப்பிடி, நல்லமைதி என்னும் எட்டும் சேர்ந்ததே அந்நெறி. கேட்பதற்கு எளிதாகத்தான் இருந்தது. துன்பத்துக்குக் காரணம் ஆசை என்று ஆசிரியை கூறியதை நாங்கள் குறிப்பேட்டில் எழுதிக்கொண்டோம்.

திரும்பும் வழியில் பேருந்தின் சக்கரம் காற்றிறங்கி நின்றது. வெயிலும் தாகமும் தாங்காமல் எங்களில் ஐந்தாறு பேர் சாலையோரத்துச் சிற்றூர் ஒன்றில் முதல் வீட்டுக் கதவைத் தட்டினோம். பாட்டி ஒருவர் முகம் மலர்ந்து வரவேற்றுச் செம்பு நிறையத் தண்ணீர் தந்தார். செம்பு கைமாறிக்கொண்டிருக்கையில், எந்த ஊர்ப் பிள்ளைகள், எந்தத் தெரு என்று அன்போடுதான் விசாரித்தார். எங்கள் தோழி ஒருத்தி தன் ஊரையும் தெருவையும் சொன்னாள். அதன் பிறகு பாட்டி செம்பை அவள் கையில் கொடுக்கவில்லை. கைகளைக் குவிக்கச் சொல்லி உயரே இருந்து ஊற்றினார். தோழி குடித்தாள். நாங்கள் பார்த்துக்கொண்டு நின்றோம். ஒருத்தியும் வாய் திறக்கவில்லை என்பதை இங்கே எழுதவே வெட்கமாக இருக்கிறது.

பேருந்து கிளம்பிய பின் அவள் ஆசிரியையின் அருகில் போய் உட்கார்ந்து ஒரே ஒரு கேள்வி கேட்டாள். ஆசைதான் துன்பத்துக்குக் காரணம் என்றீர்களே டீச்சர், எனக்கு வந்த துன்பத்துக்கு என்னுடைய எந்த ஆசை காரணம், தண்ணீர் மீது வைத்த ஆசையா என்று கேட்டாள். ஆசிரியையால் அப்போது பதில் சொல்ல முடியவில்லை. மறு வாரம் வகுப்புக்கு வந்தபோது, இதே கேள்வியைச் சுமந்து வாழ்ந்த ஒருவரின் வரலாற்றைக் கொண்டு வந்தார். அவரே பண்டிதர் அயோத்திதாசர். பின்னர் நாங்களும் தேடிப் படித்துச் சேர்த்ததே இக்கட்டுரை.

பண்டிதர் 1845ஆம் ஆண்டு மே 20ஆம் நாள் சென்னையில் பிறந்தார். பெற்றோர் இட்ட பெயர் காத்தவராயன். பாட்டனார் கந்தப்பன், ஆங்கில அதிகாரி ஒருவர் வீட்டில் சமையற்காரர். அடுக்களையில் கரண்டி பிடித்த அந்தக் கையில்தான் திருக்குறள் ஓலைச்சுவடியும் இருந்தது! அதனை அவர் தம் துரையின் வழியாக எல்லிஸ் துரையிடம் சேர்ப்பித்தார் என்று பேரனாகிய பண்டிதரே பிற்காலத்தில் எழுதியுள்ளார். தீண்டத்தகாதார் என ஒதுக்கப்பட்ட குலம். ஆனால் வீட்டில் ஏடுகள், வைத்தியம், சோதிடம், தமிழ். இந்த முரண்பாடு சிறுவனின் மனத்தில் என்றோ விழுந்திருக்க வேண்டும். ஏடும் எழுத்தும் உடையவர்கள் எப்படி இழிந்தவர்கள் ஆனார்கள்?

அயோத்திதாச கவிராஜ பண்டிதர் என்பவரிடம் அவர் தமிழும் சித்த மருத்துவமும் தத்துவமும் கற்றார். ஆசிரியர் மீது கொண்ட பற்றினால் தம் பெயரை விட்டு ஆசிரியரின் பெயரையே சூடிக்கொண்டார். பிள்ளைகள் ஆசிரியருக்குப் பட்டப்பெயர் வைக்கும் இக்காலத்தில் இதைச் சற்று எண்ணிப் பார்க்கலாம்! வடமொழியும் பாலியும் ஆங்கிலமும் அவருக்குத் தெரியும். இளமையில் நீலகிரியில் வாழ்ந்தபோது 1870களில் அத்வைதானந்த சபை என்ற அமைப்பை ஏற்படுத்தினார். எல்லா உயிரும் ஒன்றே என்னும் தத்துவத்தில் தம் மக்களின் துயருக்கு விடை கிடைக்கும் என்று அப்போது அவர் நம்பினார். 1885இல் அருட்திரு ஜான் ரத்தினம் என்ற கிறிஸ்தவப் போதகருடன் சேர்ந்து திராவிட பாண்டியன் என்னும் இதழை நடத்தினார். 1891இல் நீலகிரியில் திராவிட மகாஜன சபையைத் தோற்றுவித்தார்.

மறு ஆண்டில் நிகழ்ந்தது அவர் வாழ்க்கையையே திருப்பிவிட்டது. சென்னை மகாஜன சபை என்பது அக்காலத்துக் கற்றறிந்த பெருமக்கள் கூடும் சபை. 1892இல் நீலகிரியின் பிரதிநிதியாக அதில் கலந்துகொண்ட பண்டிதர் தம் மக்களுக்காகச் சில வேண்டுகோள்களை முன்வைத்தார். சிவன், விஷ்ணு கோவில்களில் அவர்களை அனுமதிக்க வேண்டும். அவர்கள் பிள்ளைகளுக்கு இலவசக் கல்வி தர வேண்டும். பயிரிடத் தரிசு நிலம் வழங்க வேண்டும். கோவில் என்ற சொல்லைக் கேட்டதுமே சபையில் கூச்சல் எழுந்தது. உங்கள் குலத்துக்கென்று காவல் தெய்வங்கள் இருக்க, சிவனும் விஷ்ணுவும் எதற்கு என்று ஒருவர் எழுந்து கேட்டார். அப்படியானால் உங்கள் சாமிகள் எங்களுக்கு வேண்டாம், கல்விக்கும் நிலத்துக்கும் மட்டும் வழி செய்யுங்கள் என்று பண்டிதர் பதில் சொல்லிவிட்டார். இந்நிகழ்ச்சியை அவரே பின்னாளில் எழுதி வைத்திருக்கிறார். படித்தவர் சபை, பெரிய மனிதர்கள். ஆனாலும் எங்களுக்கு அந்தப் பாட்டியின் செம்புதான் நினைவுக்கு வந்தது. பாட்டியாவது பள்ளிக்கூடம் போகாதவர்.

இனி அவர் செய்த தேடலைச் சொல்ல வேண்டும். அவர் சித்த வைத்தியர் என்பதை மறந்துவிடக் கூடாது. சென்னை இராயப்பேட்டையில் அவர் மருத்துவத்துக்கு நல்ல பெயர் இருந்தது. பிற்காலத்தில் தமிழ்த் தென்றல் எனப் புகழ்பெற்ற திரு.வி.க. சிறு வயதில் கைகால் முடங்கிக் கிடந்தபோது அவரைக் குணப்படுத்தியவர் பண்டிதரே. திரு.வி.க. தம் வாழ்க்கைக் குறிப்புகளில் இதை நன்றியோடு பதிவு செய்திருக்கிறார். வைத்தியர் ஒருவர் நோயாளியிடம் உன் தலைவிதி என்று சொல்லிவிட்டு எழுந்து போக மாட்டார். நோய் என்ன, எதனால் வந்தது, தீருமா, எதைக் கொடுத்தால் தீரும் என்று பார்ப்பார். புத்தரின் நான்கு வாய்மைகளும் இதே முறையில் அமைந்தவை. பௌத்த உரையாசிரியர்களே அவற்றை நோய், நோயின் காரணம், நோய் தீர்தல், மருந்து என்னும் நான்குக்கும் ஒப்பிட்டிருக்கிறார்கள். காஞ்சிபுரத்தில் தங்கியிருந்தவரும், பின் இலங்கை சென்று விசுத்திமக்கம் என்னும் பெருநூலை இயற்றியவருமான புத்தகோசர் இந்த ஒப்புமையைக் கூறுகிறார். ஒரு வைத்தியருக்கு இந்தச் சமயம் பிடித்துப்போனதில் வியப்பில்லை.

இங்கே ஆசை என்ற சொல்லைப் பற்றி நாங்கள் அறிந்துகொண்ட ஒன்றையும் சேர்த்துச் சொல்லிவிடுகிறோம். புத்தர் சொன்ன பாலிச் சொல் தண்ஹா. அதன் நேர்ப்பொருள் தாகம். தமிழ்ப் பௌத்தர்கள் அதை வேட்கை என்று மொழிபெயர்த்தார்கள். நீர் வேட்கை என்று நாம் சொல்வதில் இன்றும் அந்தத் தாகம் இருக்கிறது. எங்கள் தோழி தாகம்தான் காரணமா என்று கேட்டபோது அவளுக்கு இது தெரியாது. எங்களுக்கும் தெரியாது. ஆனால் தமிழ்ப் பௌத்தக் காப்பியமான மணிமேகலையில், துன்பம் விளையும் வழி 12 கண்ணிகள் கொண்ட சங்கிலியாகக் காட்டப்படுகிறது. அதில் வேட்கை எட்டாவது கண்ணிதான். முதற்கண்ணி பேதைமை. உள்ளதை உள்ளபடி அறியாமை என்று அதற்குப் பொருள். சங்கிலி அங்கே தொடங்குகிறது. தீமையின் மூன்று வேர்களாகப் பௌத்தம் சொல்பவை காமம், வெகுளி, மயக்கம். இந்த வேர்கள் துன்பப்படுகிறவரின் மனத்தில்தான் இருக்க வேண்டும் என்பதில்லை. துன்பம் தருகிறவரின் மனத்திலும் இருக்கும். அன்று செம்பைப் பற்றிக்கொண்ட கைக்குப் பின்னால் இருந்தது அந்த மயக்கம்தான் என்று இப்போது நாங்கள் எண்ணுகிறோம். எங்கள் வாயை அடைத்ததும் அதுவே.

பண்டிதருக்கு மற்றொரு கேள்வியும் இருந்தது. ஒரு காலத்தில் தமிழ்நாட்டில் இவ்வளவு பௌத்தர்கள் இருந்தார்களே, அவர்கள் எங்கே போனார்கள்? காவிரிப்பூம்பட்டினத்தில் விகாரை இருந்தது. 7ஆம் நூற்றாண்டில் சீனத்துறவி யுவான் சுவாங் காஞ்சிக்கு வந்தபோது அங்கே நூற்றுக்கு மேற்பட்ட பௌத்தப் பள்ளிகளைப் பற்றி எழுதிச் சென்றார். நாகப்பட்டினத்தில் ஸ்ரீவிசய அரசர் எடுத்த சூடாமணி விகாரைக்கு ராஜராஜ சோழன் ஆனைமங்கலம் என்ற ஊரையே கொடுத்தான். நாகையில் பழைய பௌத்தக் கோபுரம் ஒன்று 19ஆம் நூற்றாண்டு வரை நின்றது. 1867இல் அரசின் இசைவு பெற்று அதை இடித்தவர்கள் அங்கே கல்லூரி நடத்திய இயேசு சபைக் குருக்கள். கத்தோலிக்கப் பள்ளி மலரில் இதை எழுத வேண்டுமா என்று எங்களுக்குள் ஒரு சிறு விவாதம் நடந்தது. எழுதலாம் என்று ஆசிரியை சொல்லிவிட்டார்.

பண்டிதர் கண்ட விடை துணிவானது. அந்தப் பௌத்தர்கள் எங்கும் போய்விடவில்லை. இழிந்தவர்கள் என்று ஊருக்கு வெளியே ஒதுக்கப்பட்டவர்களே அந்தப் பழைய பௌத்தர்கள். தம் சமயத்தை விடாததனால் அவர்கள் தாழ்த்தப்பட்டார்கள் என்றார் அவர். மணிமேகலை, சீவக சிந்தாமணி, வீரசோழியம், நிகண்டுகள், நாட்டு வழக்குகள் ஆகியவற்றிலிருந்து சான்று காட்டினார். திருக்குறளைத் திரிக்குறள் என்று படித்து, அது புத்தரின் திரிபிடகத்துக்கு வழிநூல் என்றார். தீபாவளி என்பது எள்ளிலிருந்து நெய் எடுக்கக் கண்டறிந்ததைக் கொண்டாடிய பௌத்தப் பண்டிகை என்பதும் அவர் விளக்கம். நல்லெண்ணெய் தேய்த்துக் குளிக்கிறோம் அல்லவா! இந்தச் சொல்லாராய்ச்சிகள் எல்லாவற்றையும் இன்றைய அறிஞர்கள் ஏற்பதில்லை. எங்களுக்கும் சில இடங்களில் வலிந்து பொருள் கொண்டதுபோல் தோன்றுகிறது. ஆனால் அவர் காலத்தில் ஒரு குழந்தை பிறந்ததும், முற்பிறவிப் பாவத்தால் இக்குலத்தில் பிறந்தாய் என்று அதற்குச் சொல்லப்பட்டது. அக்குழந்தையிடம் பண்டிதர் வேறொரு வரலாற்றைச் சொன்னார். உன் துன்பம் நீ செய்த பாவத்தின் சம்பளம் அன்று. அது வரலாற்றில் மனிதர்கள் செய்த அநீதி. மனிதர் செய்ததை மனிதர் மாற்றலாம். இப்படிக் கேட்டு வளர்ந்த பிள்ளை தலை நிமிர்ந்து நடக்காதா?

1898இல் பண்டிதரும், பஞ்சமர் பள்ளி ஒன்றின் தலைமை ஆசிரியர் கிருஷ்ணசாமியும் கர்னல் ஆல்காட்டை நாடினர். அமெரிக்கரான ஆல்காட் பிரம்மஞான சபையை நிறுவியவர்களுள் ஒருவர். 1880இல் இலங்கையில் பஞ்சசீலம் ஏற்றவர். சென்னை அடையாற்றுக்கு அருகே 1894இல் ஒதுக்கப்பட்ட மக்களின் பிள்ளைகளுக்காக இலவசப் பள்ளி தொடங்கியவர். அவரோடு இருவரும் கொழும்புக்குச் சென்றனர். அந்நாளில் சென்னையிலிருந்து இலங்கை செல்வோர் பலர் ரயிலில் தூத்துக்குடி வந்து கப்பலேறுவர். அந்த ரயில் எங்கள் கோவில்பட்டி வழியாகத்தான் போகும். பண்டிதர் வந்த வண்டியும் எங்கள் நிலையத்தில் நின்றிருக்குமோ என்று கற்பனை செய்து பார்ப்பதில் எங்களுக்கு ஒரு மகிழ்ச்சி. கொழும்பில் வித்யோதயப் பிரிவேனா என்னும் கல்விநிலையத்தின் தலைவரான சுமங்கல மகாதேரரிடம் அவர்கள் பஞ்சசீலம் பெற்றனர். கொல்லாமை, களவாடாமை, முறைகேடாக ஒழுகாமை, பொய்யாமை, கள்ளுண்ணாமை என்பவை அந்த ஐந்து. திரும்பி வந்த பண்டிதர் அதே ஆண்டில் இராயப்பேட்டையில் சாக்கைய பௌத்த சங்கத்தை நிறுவினார்.

சங்கத்தில் சொற்பொழிவுகள் நடந்தன. புத்தர் பிறந்த வைகாசிப் பௌர்ணமி கொண்டாடப்பட்டது. திருமணமும் ஈமச் சடங்கும் பௌத்த முறையில் நடத்தப்பட்டன. கிளைகள் பெங்களூர், ஐதராபாத் என்று பரவின. கடல் கடந்து ரங்கூனிலும் தென்னாப்பிரிக்காவிலும் தோன்றின. எல்லாவற்றிலும் வேரோடியது கோலார் தங்கவயலில்தான். வட ஆர்க்காட்டுப் பக்கத்திலிருந்து பஞ்சம் பிழைக்கப் போன தமிழர்கள் அங்கே பூமிக்குள் இறங்கித் தங்கம் வெட்டிக்கொண்டிருந்தார்கள். அங்குள்ள சாம்பியன் சுரங்கம் பிற்காலத்தில் 3 கிலோமீட்டருக்கும் அதிகமான ஆழம் போயிற்று. பாறை வெடித்து இறந்தவர் பலர். பாறைத்தூசு நுரையீரலில் படிந்து இறந்தவர் அதனினும் பலர். பகலில் இருட்டுக்குள் வேலை செய்த அந்தத் தொழிலாளர்கள் மாலையில் விளக்கேற்றி வைத்துத் தமிழில் புத்தர் வரலாறு படித்தார்கள் என்பதை நினைக்கும்போது நெஞ்சு நெகிழ்கிறது. எங்கள் வட்டாரத்திலிருந்தும் மழை பொய்த்த ஆண்டுகளில் இலங்கைத் தேயிலைத் தோட்டங்களுக்கும் ரங்கூனுக்கும் போனவர்கள் உண்டு. துன்பம் உண்டு என்னும் முதல் வாய்மையை அவர்களுக்கு யாரும் கற்பிக்க வேண்டியிருந்திராது. காரணம் உண்டு, தீர்வும் உண்டு என்பவற்றைத்தான் யாரேனும் சொல்ல வேண்டியிருந்தது.

1907ஆம் ஆண்டு ஜூன் 19ஆம் நாள், புதன்கிழமை, பண்டிதரின் வார இதழ் வெளிவந்தது. நான்கே பக்கம், விலை ஒரு பைசா. இதழின் பெயரே ஒரு பைசாத் தமிழன். ஓராண்டு கழித்து வாசகர்கள் விரும்பியபடி ஒரு பைசா நீங்கித் தமிழன் ஆயிற்று. அவர் இறக்கும் வரை ஏறத்தாழ ஏழாண்டு, வாரந்தோறும் அது வந்தது. அரசியல், மருத்துவம், பயிர்த்தொழில், மழை நிலவரம், இலக்கிய ஆராய்ச்சி, புத்தர் வரலாறு எல்லாம் அந்தச் சில பக்கங்களில் அடங்கின. பெண்கள் படிக்க வேண்டும் என்றும், இளம் விதவையர் மறுமணம் செய்துகொள்ளலாம் என்றும் அது எழுதியது. அவருடைய புத்தரது ஆதிவேதம் என்ற நூலும் இதழில் தொடராக வந்ததே, 1912இல் புத்தகமாயிற்று. தமிழ் நூல்களிலும் தமிழர் வழக்கிலும் கிடந்த செய்திகளைத் திரட்டித் தமிழருக்காக எழுதிய புத்தர் வரலாறு அது.

அவர் எழுதியவற்றுள் கரிசல் மண்ணில் பிறந்த எங்களுக்குப் படிக்கக் கடினமான பகுதி ஒன்று உண்டு. 1906இல் ஒட்டப்பிடாரத்துச் சிதம்பரனார் சுதேசிக் கப்பல் நிறுவனத்தைத் தொடங்கினார். எட்டயபுரத்துப் பாரதியார் சென்னையில் இந்தியா இதழை நடத்தினார். இருவரும் எங்களுக்கு அண்டை ஊரார். பள்ளி மேடைகளில் ஆண்டுதோறும் நாங்கள் போற்றுகிறவர்கள். அதே ஆண்டுகளில் பண்டிதர் சுதேசி இயக்கத்தைக் கடுமையாகச் சாடிக்கொண்டிருந்தார். பொதுக்கிணற்றில் தண்ணீர் எடுக்க விடாதவர்கள் கேட்கும் சுயராச்சியம் யாருக்கு என்பது அவர் கேள்வி. ஆங்கில அரசிடம் அவர் அளவுக்கு மீறி நம்பிக்கை வைத்துவிட்டார் என்றே எங்களுள் பெரும்பாலோர் நினைத்தோம். எங்கள் தோழி மட்டும் அதை ஒப்புக்கொள்ளவில்லை. கேள்வியில் தவறு என்ன இருக்கிறது என்றாள். வகுப்பில் இரண்டு பாடவேளை இதிலேயே போயிற்று. மணி அடித்ததால் முடிந்தது.

1911ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் தம்மைப் பௌத்தர் என்று பதிவு செய்ய வேண்டும் எனச் சங்கத்தின் சார்பில் அவர் அரசை வேண்டினார். கணக்கேட்டில் எழுதும் ஒரு சொல்லில் என்ன இருக்கிறது என்று கேட்கலாம். பிறர் தமக்கு இட்ட பெயரை மறுத்து, தாம் யார் என்பதைத் தாமே சொல்லும் உரிமை அதில் இருந்தது. காத்தவராயன் என்ற பெயரை விட்டு ஆசிரியர் பெயரை ஏற்றவருக்கு அந்த அருமை தெரியும்.

1914ஆம் ஆண்டு மே 5ஆம் நாள் பண்டிதர் மறைந்தார். 69 வயது நிறைய இரண்டு வாரமே இருந்தது. மகன் பட்டாபிராமன் சிறிது காலம் இதழைத் தொடர்ந்தார். பின்னர்க் கோலார் தங்கவயல் அன்பர்கள் அதை எடுத்து நடத்தினர், அவர்களுள் ஜி. அப்பாத்துரையார் குறிப்பிடத்தக்கவர். தங்கவயலின் சித்தார்த்த புத்தகசாலை பண்டிதரின் நூல்களை அச்சிட்டது. சங்கத்தில் அவரோடு பணியாற்றிய பேராசிரியர் லட்சுமி நரசு 1907இல் ஆங்கிலத்தில் எழுதிய பௌத்த சாரம் என்னும் நூலை 1948இல் மீண்டும் வெளியிட்டபோது அதற்கு முன்னுரை எழுதியவர் டாக்டர் அம்பேத்கர். 1956 அக்டோபர் 14ஆம் நாள் நாகபுரியில் அம்பேத்கர் இலட்சக்கணக்கான மக்களோடு பௌத்தம் தழுவியதை உலகம் அறியும். அதற்கு 58 ஆண்டுகளுக்கு முன்பே இராயப்பேட்டையில் ஒரு சித்த வைத்தியர் அந்த வழியில் நடந்திருந்தார். எனினும் அவர் பெயரைத் தமிழ்நாடு நெடுங்காலம் மறந்தே இருந்தது. 2005இல் இந்திய அரசு அவருக்கு அஞ்சல் தலை வெளியிட்டது. சென்னை தாம்பரத்தில் உள்ள தேசிய சித்த மருத்துவ நிறுவனத்தின் மருத்துவமனையும் அவர் பெயரைத் தாங்கியிருக்கிறது.

தமிழன் இதழில் வந்த அவர் எழுத்துகளைத் தொகுத்தவர் ஆய்வாளர் ஞான. அலாய்சியஸ். அயோத்திதாசர் சிந்தனைகள் என்ற பெயரில் 1999இல் முதல் இரண்டு தொகுதிகள் வந்தன. வெளியிட்டது எங்கோ தொலைவில் உள்ள பதிப்பகம் அன்று. இங்கிருந்து ஏறத்தாழ 60 கிலோமீட்டர் தெற்கே, பாளையங்கோட்டை தூய சவேரியார் கல்லூரியின் நாட்டார் வழக்காற்றியல் ஆய்வு மையம். சவேரியார் கல்லூரி இயேசு சபையினர் நடத்துவது. நாகையில் கோபுரத்தை இடித்தவர்களும் இயேசு சபையினரே என்று மேலே எழுதினோம் அல்லவா? இரண்டையும் சேர்த்து எழுதலாம் என்றுதான் ஆசிரியை அன்று இசைவு தந்திருக்க வேண்டும்.

எங்கள் வேண்டுகோளை ஏற்று நூலகப் பொறுப்பாளரான சிஸ்டர் அத்தொகுதிகளை வரவழைத்துத் தந்தார்கள். அட்டை போட்டு எண் ஒட்டிய அன்றே தோழி முதல் தொகுதியை எடுத்துச் சென்றாள். அரையாண்டு விடுமுறைக்கு முன் எடுத்தது. இன்னும் திருப்பித் தரவில்லை. அடுத்துக் கேட்டு ஏழு பேர் பெயர் எழுதி வைத்திருக்கிறோம்.